‘பொம்பளைச் சீக்கு’: தவறான பெயரும் தொற்றின் திசையும்

பால்வினை நோய்களுக்குத் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘பொம்பளைச் சீக்கு’ என்று ஒரு பெயர் உண்டு. போகாத இடத்துக்குப் போய் வாங்கி வந்தது என்ற குறிப்போடு ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொல் அது. நோயின் ஊற்று பெண் என்பதும், அதனால் கெடுபவன் ஆண் என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே முடிச்சிடப்பட்டிருக்கின்றன. மருத்துவம் திரட்டி வைத்திருக்கும் கணக்கு இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. பெரும்பாலான பால்வினைத் தொற்றுகள் பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதைக் காட்டிலும் ஆணிடமிருந்து பெண்ணுக்கே எளிதாகப் பரவுகின்றன. பரவிய பின் பெண்ணிடம் அறிகுறி குறைவாகவும் சேதம் கூடுதலாகவும் இருக்கின்றன.

இந்தப் பழைய குழப்பத்தோடு 2025 மார்ச் மாதம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒருவகை வெள்ளைப்படுதலுக்கு, பெண்ணோடு சேர்த்துக் கணவனுக்கும் மருந்து கொடுத்தால் அது மீண்டும் வருவது வெகுவாகக் குறைகிறது என்று மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அப்படியானால் வெள்ளைப்படுதல் பால்வினை நோயா, கணவன்தான் கொடுத்தானா, அவன் வெளியே போனான் என்று இதற்குப் பொருளா என்ற கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடை தேடுமுன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தொற்று வேறு, நோய் வேறு

உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி சென்று சேர்வது பால்வினைத் தொற்று. அந்தக் கிருமி புண், சீழ், வலி, காய்ச்சல் என்று வெளியே தெரியும் நிலையை அடையும்போது அது பால்வினை நோய். இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் தொற்று இருந்தும் நோய் தெரியாத காலம், சில கிருமிகளில் வாரங்களாகவும் சிலவற்றில் ஆண்டுகளாகவும் நீளும். பரவலின் பெரும்பகுதி அந்த அமைதியான காலத்தில்தான் நடக்கிறது.

தமிழில் இவற்றுக்குப் பழைய பெயர்கள் பல உண்டு. சித்த மருத்துவம் ‘மேக நோய்’ என்ற தலைப்பில் பலவற்றைச் சேர்த்துப் பேசியது. சீழ் வடியும் கொனோரியாவை ‘வெட்டை’ என்றார்கள். சிபிலிசுக்குப் ‘பறங்கிப் புண்’ என்று பெயர் வந்தது. பறங்கி என்றால் ஐரோப்பியன். தனக்கு வந்த நோயை எப்போதும் வேறு யாருடைய பெயரிலாவது எழுதிவைப்பது மனித வழக்கம் போலும்: ஒரு காலத்தில் பறங்கி மாட்டினான், பின்னர் பெண் மாட்டினாள்.

இன்றைய பகுப்பு இரண்டே இரண்டுதான். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் ஆகிய மூன்று பாக்டீரியாத் தொற்றுகளும், டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரியால் வரும் தொற்றும் மருந்தால் முழுமையாகக் குணமாகும். இந்த நான்கும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 37.4 கோடிப் புதிய தொற்றுகளை ஏற்படுத்தின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எச்.ஐ.வி., கொப்புளங்களை எழுப்பும் ஹெர்பீஸ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி ஆகிய நான்கு வைரசுகள் மறு பகுப்பைச் சேர்ந்தவை. இவற்றில் சிலவற்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம், சிலவற்றை மருந்தால் அடக்கி வைக்கலாம்.

பெண்ணுக்கு ஏன் எளிதாகப் பரவுகிறது?

இதற்கான காரணங்கள் ஒழுக்கத்தைச் சார்ந்தவை அல்ல, உடலமைப்பைச் சார்ந்தவை.

1. பரப்பு. ஆணின் உடலில் கிருமி நுழையக்கூடிய சளிச்சவ்வு என்பது சிறுநீர்த் தாரையின் முனையும், முன்தோலின் உட்புறமும் மட்டுமே. பெண்ணிடம் யோனியின் மடிப்புகள் முழுவதும், அதற்கு மேல் கருப்பை வாயும் அந்தப் பரப்பில் அடங்கும். உறவின்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்புகளும் இங்கே கூடுதல்.

2. தங்கும் நேரம். உறவு முடிந்ததும் ஆணின் தோல் காய்ந்துவிடுகிறது, சிறுநீர் கழித்தால் தாரையும் ஓரளவு அலசப்படுகிறது. விந்து பெண்ணின் உடலுக்குள் மணிக்கணக்கில் தங்குகிறது. எச்.ஐ.வி. உள்ள ஆணின் விந்தில் வைரஸ் இருக்குமானால், பெண்ணின் உடல் அதனோடு தொடர்பில் இருக்கும் நேரம் அந்த அளவுக்கு நீள்கிறது.

3. புளிப்பு குலைதல். நலமான யோனியில் லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, தயிரின் புளிப்பை ஒத்த ஒரு சூழலைக் காத்து வருகின்றன, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. விந்துவோ காரத்தன்மை கொண்டது. உயிரணு பிழைத்து நீந்த வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது; ஆனால் அது புளிப்பைச் சில மணி நேரம் தணித்துவிடும்போது கிருமிக்கும் அதே சலுகை கிடைத்துவிடுகிறது.

4. வயது. வளரிளம் பருவத்தில் கருப்பை வாயின் வெளிப்பகுதியில் ஒற்றையடுக்கு மென்செல்கள் வெளியே விரிந்திருக்கும். கிளமிடியாவும் கொனோரியாவும் பற்றிக்கொள்வது இந்தச் செல்களைத்தான். வயது கூடக்கூட அந்த இடத்தைத் தடித்த பல்லடுக்குச் செல்கள் மூடிக்கொள்கின்றன. சிறு வயதுத் திருமணத்தை எதிர்ப்பதற்கான மருத்துவக் காரணங்களில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

5. பார்வைக்கு எட்டாமை. ஆணுக்குப் புண் வந்தால் குளிக்கும்போது கண்ணில் படும். கருப்பை வாயில் வந்த சிபிலிஸ் புண்ணுக்கு வலியும் கிடையாது. யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவரின் கண்ணில் மட்டுமே அது படும்.

அளந்து பார்த்த எண்களும் இதையே சொல்கின்றன. கொனோரியா உள்ள பெண்ணோடு ஒருமுறை உறவு கொள்ளும் ஆணுக்கு அது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. கொனோரியா உள்ள ஆணிடமிருந்து ஒருமுறை உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு பாதியை எட்டும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, சிகிச்சை பெறாத ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரம் உறவுகளில் சுமார் 8 என்றும், பெண்ணிடமிருந்து ஆணுக்குச் சுமார் 4 என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. ஒருவருக்குப் பிறப்புறுப்புப் புண் இருந்தாலோ, வைரஸ் புதிதாகத் தொற்றிய வாரங்களாக இருந்தாலோ இந்த எண் பல மடங்கு ஏறும்.

ஹெர்பீஸ் தொடர்பாக 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 144 தம்பதியரைத் தொடர்ந்து கவனித்தது. ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற நிலையில் இருந்த தம்பதியர் அவர்கள். தொற்றில்லாத பெண்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்குக் கணவனிடமிருந்தோ துணைவனிடமிருந்தோ அது வந்தது. தொற்றில்லாத ஆண்களில் அவ்வாறு பெற்றவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. பரவியவற்றில் சுமார் எழுபது விழுக்காடு, கொப்புளமோ எரிச்சலோ எதுவும் இல்லாத நாட்களில் நடந்தது.

ஒரே கிருமி, இரண்டு உடல்கள்

கொனோரியாக் கிருமி ஒரு வீட்டுக்குள் வரும்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தொற்றிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஆணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற எரிச்சல் தொடங்கும். உள்ளாடையில் மஞ்சளான சீழ்க்கறை படியும். அவர் மருத்துவரிடம் போக மாட்டார். தெரிந்தவர்கள் இல்லாத பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய் ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லி ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக்கை வாங்கிக்கொள்வார். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கினால் மீதி மாத்திரை சட்டைப்பையிலேயே கிடக்கும். மருந்தும் அளவும் சரியாக இல்லாவிட்டால் கிருமி முற்றாக அழியாது. அறிகுறி தொடங்குமுன் இருந்த நாட்களிலும், அரைகுறையாகக் குணமான பிறகும் வீட்டில் உறவு நடந்திருக்கும்.

அதே பதினைந்து நாட்களில் மனைவியின் உடலில் கிருமி கருப்பை வாயில் குடியேறியிருக்கும். பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அதன் அறிகுறி எதுவுமே தெரியாது. தெரிந்தாலும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான வெள்ளைப்படுதலாகவோ, மாதவிலக்குக்கு இடையில் ஒரு துளி ரத்தமாகவோ இருக்கும். கிளமிடியாவாக இருந்தால் இன்னும் மோசம்: பத்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு எதுவும் தெரியாது. ஆண்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தெரியாது என்பதால், அங்கே தான் கொடுத்ததைக் கொடுத்தவரே அறிவதில்லை. டிரைக்கோமோனாஸில் நிலைமை தலைகீழ். தொற்று உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பச்சை கலந்த நுரைத்த கசிவும் அரிப்பும் வரும், ஆண்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இராது. ‘எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் இருக்கிறது, அப்படியானால் யாரிடமிருந்து வந்தது?’ என்ற கொடிய கேள்வி வீடுகளில் எழுவது இந்தத் தொற்றில்தான் அதிகம். ஆணுக்கு அறிகுறி இல்லை என்பது ஆணுக்குத் தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வெள்ளைப்படுதல்: சூடா, தொற்றா?

நம் ஊரில் வெள்ளைப்படுதல் என்றதும் கிடைக்கும் முதல் விளக்கம் ‘உடம்புச் சூடு’. வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்று அறிவுரை வரும். இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் இவை எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. காத்திருக்கும் காலம்தான் விரயமாகிறது. எல்லா வெள்ளைப்படுதலும் நோயும் அல்ல. மாதச் சுழற்சியின் நடுநாட்களில் முட்டையின் வெண்கருவைப் போல நிறமற்று, வழுவழுப்பாக, வாடையின்றி வருவது இயல்பானது.

இயல்புக்கு மாறானவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். தயிர்த் திப்பி போலக் கட்டிகட்டியாக வந்து கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை. அது வழக்கமாகப் பால்வினைத் தொற்றாகக் கருதப்படுவதில்லை, நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். நுரைத்த பச்சைக் கசிவு டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். அது உறுதியான பால்வினைத் தொற்று. சாம்பல் வெள்ளையாக, நீர்த்து, உறவுக்குப் பின் மீன்வாடை தூக்கலாகத் தெரியும்படி வருவது பாக்டீரியல் வஜைனோசிஸ். மூன்றாவதைப் பற்றித்தான் மெல்பர்ன் ஆய்வு பேசுகிறது. கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்துவிட முடியாது என்பதையும், ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வரலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மெல்பர்ன் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது ஒரு தனிக் கிருமியின் வேலை இல்லை. லாக்டோபேசிலஸ் குறைந்து, கார்ட்னரெல்லா முதலான பல பாக்டீரியாக்கள் கூட்டாக ஓங்கிவிடும் நிலை அது. உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்களிடம் எந்த நேரத்திலும் இது இருக்கும். மெட்ரோனிடசோல் என்னும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கும். ஆறு மாதத்துக்குள் பாதிப்பேருக்குத் திரும்ப வரும். பெண் சுத்தமாக இல்லை, உள்ளாடை சரியில்லை, சோப்புப் போட்டுக் கழுவுகிறாள் என்று பழி முழுவதும் அவள்மீதே விழுந்துவந்தது. சோப்பு குறித்த எச்சரிக்கை மட்டும் நியாயமானது. யோனிக்குள் கழுவுவது நல்ல பாக்டீரியாக்களைத்தான் முதலில் விரட்டும்.

கணவனுக்கும் மருந்து கொடுக்கும் யோசனை புதிதன்று. முன்னர் நடந்த சோதனைகளில் ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்துப் பயனில்லை என்று கைவிட்டார்கள். மெல்பர்ன் குழு கவனித்த நுட்பம் ஒன்று: இந்தப் பாக்டீரியாக்கள் ஆணின் சிறுநீர்த் தாரைக்குள் மட்டும் இருப்பதில்லை, ஆணுறுப்பின் தோலிலும், குறிப்பாக முன்தோலுக்கு அடியிலும் இருக்கின்றன. மாத்திரை உள்ளே வேலை செய்யும், தோலின் மேற்பரப்பில் போதிய அளவு செய்யாது. ஆகவே ஆண்களுக்கு ஏழு நாட்களுக்கு, நாளுக்கு இருவேளை, 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரையும், அதோடு ஆணுறுப்பில் தடவ 2 விழுக்காடு கிளிண்டமைசின் களிம்பும் கொடுத்தார்கள்.

பரத்தை உறவோ பல துணைவர்களோ இல்லாத, ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் 164 தம்பதியர் ஆய்வில் சேர்ந்தனர். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த பிரிவில் 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்குத் தொல்லை திரும்பியது. இருவருக்கும் தந்த பிரிவில் அது 35 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், பெண்ணுக்கு மட்டும் மருந்து தருவதைத் தொடர்வது முறையன்று என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதிலிருந்து பெறக்கூடிய முடிவுகளுக்கு எல்லை உண்டு.

1. இந்த நிலையில் ஆண் பங்கு வகிக்கிறான் என்பது உறுதியாகிறது. அவன் வேறு பெண்ணிடம் போனான் என்பது இதிலிருந்து பெறப்படுவதில்லை. பாக்டீரியாக்கள் தம்பதிக்குள்ளேயே முன்னும் பின்னும் போய்வர முடியும்.

2. இருவருக்கும் மருந்து தந்தபோதும் மூன்றில் ஒருவருக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே ஆண் முழுக் காரணமும் ஆகமாட்டான்.

3. ஆய்வில் பங்கேற்ற ஆண்களில் ஐந்தில் நால்வர் முன்தோல் நீக்கப்படாதவர்கள். நம்மிடையே பெரும்பான்மையோரின் நிலையும் அதுவே என்பதால் முடிவு இங்கும் பொருந்த இடமுண்டு. ஆனாலும் மருந்துச் சீட்டில்லாமல் கணவனுக்குக் களிம்பு வாங்கித் தடவும் வேலையை யாரும் தொடங்க வேண்டாம். மனைவிக்கு இருப்பது பூஞ்சையா வஜைனோசிஸா என்று முதலில் தெரிய வேண்டும்.

கவனிக்காமல் விட்டால்

கருப்பை வாயில் தங்கிய கொனோரியாவோ கிளமிடியாவோ மேலே ஏறிக் கருப்பையையும் கருக்குழாய்களையும் தாக்குவதற்கு இடுப்பறை அழற்சி என்று பெயர். கருக்குழாயின் உட்துளை ஒரு மெல்லிய நூல் நுழையும் அளவே இருக்கும். அழற்சி ஆறும்போது ஏற்படும் தழும்பு அதை ஒட்டிவிடும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வொன்றின்படி, ஒருமுறை அழற்சி வந்த பெண்களில் 8 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும், மூன்று முறை வந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் குழாய் அடைபட்டுக் குழந்தையின்மை ஏற்பட்டது. பாதி அடைபட்ட குழாயில் கரு தங்கினால் அது வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். குழந்தை இல்லை என்று மருத்துவமனைகளின் படியேறும் பெண்ணிடம் ‘உனக்குக் குழாய் அடைப்பு’ என்று சொல்லப்படுகிறது. அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சிபிலிஸ் கர்ப்பத்தில் செய்யும் சேதம் தனி வகை. தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகக் கருவைத் தாக்கி, கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறவிச் சிபிலிஸ் ஆகியவற்றை உண்டாக்கும். 2022இல் உலகில் 7 லட்சம் பிறவிச் சிபிலிஸ் நேர்வுகள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘வி.டி.ஆர்.எல்.’ என்றொரு வரி இருக்கும், அது இதற்காகத்தான். தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒருமுறை போட்டால் போதும். ஆனால் கணவனுக்குச் சிகிச்சை தராமல் மனைவிக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினால், ஏழாம் மாதத்தில் மீண்டும் தொற்றி, முதல் பரிசோதனை முடிந்துவிட்ட காரணத்தால் பிரசவம் வரை யாருக்கும் தெரியாமல் போகலாம்.

எச்.பி.வி.யின் கதை நீளமானது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்று காட்டியதற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்களில் பெரும்பாலோர் இதைச் சுமப்பதை உணராமலேயே சுமந்து, உணராமலேயே இழக்கிறார்கள். பெண்களிலும் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதை விரட்டிவிடும். வைரஸ் விரட்டப்படாமல் உடலில் தங்கிவிட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துப் புற்று வருகிறது. இந்தியாவில் 2022இல் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் மதிப்பீடு உள்ளது. தன் வாழ்நாளில் கணவன் ஒருவனையன்றி வேறு ஆணை அறியாத பெண்ணுக்கும் இது வரும் என்பதால், இதை யாருடைய நடத்தைக்குமான சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைத் தடுக்கும் எளிய வழியை உலகுக்கு நிறுவிக் காட்டிய இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம். அங்கே 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பை வாயில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகரை ஒத்த திரவத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். மாற்றமடைந்த செல்கள் உள்ள இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஒருமுறை செய்த இந்தச் சோதனை அப்பகுதியில் இந்தப் புற்றுநோய் மரணங்களை 35 விழுக்காடு குறைத்தது என்ற முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. தடுப்பூசியைப் பொறுத்தவரை, இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2022இல் அனுமதி பெற்றது. உறவு தொடங்குவதற்கு முந்தைய வயதில் போட்டால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

தாலியும் தொற்றும்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவைக் கொண்டு, சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்துப் பரிசோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. மருத்துவ வரலாற்றில் அது துணிச்சலான பணி. ஆனால் அந்தச் செய்தி பொதுமனத்தில் பதிந்த விதம் வேறு: எச்.ஐ.வி. என்றால் ‘அந்த மாதிரிப் பெண்கள்’ என்று பதிந்தது. அந்தப் பெண்களுக்கு அதைக் கொண்டுவந்து தந்த ஆண்களும், அங்கிருந்து அதை வீட்டுக்கு எடுத்துச் சென்ற ஆண்களும் படத்திலேயே இல்லை.

1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான புனே ஆய்வு அந்தப் படத்தைத் திருத்தியது. அங்கே பால்வினை நோய் மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். இன்றும் இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

திருமணமான பெண்ணுக்கு ஆணுறைதான் கவசம் என்று சொல்வது எளிது. கணவனிடம் அதைக் கேட்பதே அவனைச் சந்தேகிப்பதாகவோ, தன்மீது சந்தேகத்தை வரவழைப்பதாகவோ ஆகிவிடும் வீட்டில் அது எளிதன்று. தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு ‘ஆபரேஷன்’ முடிந்துவிட்டால், கருத்தடைக்காக ஆணுறையைப் பயன்படுத்தும் காரணமும் அன்றே முடிந்துவிடுகிறது. கருக்குழாயைக் கட்டியது கருவைத் தடுக்கும்; கருப்பை வாய் வரை வரும் எந்தக் கிருமியையும் தடுக்காது.

சிகிச்சை ஏன் இருவருக்கும்?

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறித் தொகுப்பைக் கொண்டு அன்றே மருந்து தரும் முறை நெடுநாளாக உள்ளது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்கென நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை வகுத்தது. சீழ் வடிதலுக்கும் கருப்பை வாய் அழற்சிக்கும் சாம்பல் நிறம், அதில் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும், வலியில்லாப் புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பீசுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். இந்த முறையின் பலவீனம் வெளிப்படையானது: அறிகுறியே இல்லாத பெண்ணுக்கு இதில் எந்த நிறமும் கிடையாது. அவளை உள்ளே கொண்டுவரும் ஒரே வழி, அறிகுறியோடு வரும் ஆண் அவளை அழைத்துவருவது.

துணைவர் சிகிச்சை என்பதன் நடைமுறை இதுதான்:

1. கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகியவற்றில் எது வந்தாலும் இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் குணமாகி மற்றவர் ஆகாவிட்டால் கிருமி பந்துபோலத் திரும்பி வரும்.

2. மருந்து தொடங்கிக் குறைந்தது ஏழு நாட்கள், அறிகுறி முற்றும் மறையும்வரை, உறவு கூடாது.

3. ஒரு பால்வினைத் தொற்று கண்டவர் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. சோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். மிக அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுமுறை செய்யச் சொல்வார்கள்.

4. எச்.ஐ.வி. இருந்தால் வைரசை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை உடனே தொடங்க வேண்டும். சென்னையும் புனேயும் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனை ஒன்று, மருந்தை முன்கூட்டியே தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைவதாக 2011இல் காட்டியது. ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்கு இறங்கி அங்கேயே நிலைத்தால் உறவின் வழியே அது பரவுவதில்லை என்பது அதன் பின்னர் உறுதிப்பட்டுவிட்டது.

சட்டமும் இங்கே கொஞ்சம் நுழைகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது; ஆனால் துணைவருக்கு உண்மையான ஆபத்து இருந்து, ஆலோசனை தந்தும் அவர் சொல்ல மறுக்கும்போது, மருத்துவரோ ஆலோசகரோ துணைவருக்குத் தெரிவிக்க நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. மற்றத் தொற்றுகளுக்கு இத்தகைய தனிச் சட்டம் இல்லை. அங்கே எல்லாம் நம்பிக்கையின் மேலும், ஒரு பொட்டலத்தின் மேலும்தான் நிற்கிறது: பெண் தன் மருந்தோடு கணவனுக்கான மருந்தையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும், அவரும் அதை விழுங்க வேண்டும்.

வெள்ளைப்படுகிறது என்று வரும் பெண்ணிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையில், கர்ப்பமா, அடிவயிறு வலிக்கிறதா என்பவற்றோடு, கணவருக்குச் சிறுநீர் எரிச்சலோ சீழோ புண்ணோ இருந்ததா என்பதும் ஒன்று. ஆம் என்றால் பச்சைப் பொட்டலத்தோடு சாம்பல் பொட்டலமும் சேரும்; தெரியாது என்றால் பெரும்பாலும் பச்சையோடு முடிந்துவிடும். பெரும்பாலான பெண்கள் ‘தெரியாது’ என்றுதான் சொல்கிறார்கள். தெரிந்தவர் பல நேரங்களில் வெளியே வாகன நிறுத்தத்தில் வண்டிமேல் சாய்ந்தபடி காத்திருப்பார். அவரை உள்ளே கூப்பிடச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.